வள்ளி ஔவையான நாள்

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வளாகத்தில் நின்றால், மேகம் விலகும் நாள்களில் வெகு கீழே பழனி தெரியும். டிசம்பர் தொடக்கத்தில் அந்த வாய்ப்பு அரிது. வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் பள்ளத்தாக்கை மூடியிருக்கும். இருந்தும், பணி ஓய்வு பெற்ற பிறகு டிசம்பர் 2-ஆம் நாளில் இங்கு வந்து சற்று நேரம் நிற்பதை வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறேன். தமிழ் இசை வரலாற்றில் அந்தத் தேதிக்கு ஓர் இடம் உண்டு. 1933-ஆம் ஆண்டு அதே நாளில்தான் நாடக மேடையின் ஈடற்ற பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா தமது 27-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நினைவு நாளாகவே அது குறிக்கப்படுகிறது. அன்று வேறொருவருடைய வாழ்க்கையும் இரண்டாகப் பிளந்தது. கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25.

அதுவரை அவர் மேடையில் வள்ளி. அதற்குப் பிறகு, தமிழர் நினைவில் அவர் ஔவை. இடையில் நிகழ்ந்தது என்ன என்பதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

சுந்தராம்பாள் 1908-ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று தாய் பாலாம்பாளையும் குறிக்கும். பங்குனி உத்திரத்துக்கு அந்த ஊர்க் காவிரியிலிருந்து தீர்த்தம் முகந்து, கொங்கு நாட்டார் பழனிக்குக் கால்நடையாகக் காவடி எடுத்து வருவது இன்றும் தொடரும் மரபு. வறுமையில் வளர்ந்த அந்தச் சிறுமி ரயில் வண்டிகளில் பாடிக் காசு வாங்கியதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் குரல் சிலருடைய கவனத்துக்கு வந்து, வேலு நாயர் நாடகக் குழுவில் அவர் சேர்க்கப்பட்டார். முறையான பள்ளிக் கல்வி வாய்க்காத ஒரு குழந்தைக்கு நாடகக் கம்பெனியே பள்ளிக்கூடமாயிற்று. பாட்டும் வசனமும் பாத்திரமும் அங்கே பாடங்கள். ஆண் வேடமும் பெண் வேடமும் ஒன்றுபோலவே அவருக்குக் கைவந்தன.

அந்நாளைய ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு பொருளியல் மாணவனான எனக்கு எப்போதுமே வியப்பளிப்பது. ஒரே குழுவைச் சேராத நடிகர்கள், அவரவர்க்குப் பேசிய தொகைக்கு, ஓரிரவு மட்டும் மேடையில் ஒன்றுகூடுவார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த பாடல்களும் வசனமும் எல்லோருக்கும் பொதுவான முதல். அந்த முதலை வைத்துக்கொண்டு அன்றிரவு யார் எவ்வளவு விளைவிக்கிறார்கள் என்பதே போட்டி. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரரின் காதில் விழாத குரலுக்கு மறுநாள் அழைப்பு வராது. இரக்கமற்ற அந்தச் சந்தையில் இருபது வயதுக்குள்ளாகவே சுந்தராம்பாள் உச்சத்தைத் தொட்டார். தமிழ்நாட்டுக்கு இணையாக இலங்கையிலும் அவருக்குப் பெயர் இருந்தது.

கிட்டப்பாவை அவர் சந்தித்தது கொழும்பில்தான், ஆண்டு 1926. செங்கோட்டையில் பிறந்து, சிறுவயதிலேயே மேடையேறி, உச்ச ஸ்தாயியில் அநாயாசமாக உலவும் குரலால் தென்னாட்டையே கட்டிப் போட்டிருந்தவர் அவர். வள்ளலாரின் அருட்பாவை அவர் விருத்தமாகப் பாடிப் பதிவான இசைத்தட்டைக் கேட்டவர்கள், அந்தக் குரலின் வீச்சை இன்றும் உணரலாம். கொழும்பு மேடையில் சுந்தராம்பாளோடு பாடுவது எவருக்கும் எளிதன்று என்று அவரிடம் சிலர் எச்சரித்ததாகச் சொல்வதுண்டு. வள்ளி திருமணத்தில் கிட்டப்பா வேடனாக வந்து வழக்குரைக்க, சுந்தராம்பாள் தினைப்புனம் காக்கும் வள்ளியாக மறுத்துரைக்க, பாட்டுக்குப் பாட்டு என்று விடியும் வரை நீண்ட அந்தப் போட்டியில் யார் வென்றார் என்பதைக் கேட்டவர்களால் முடிவு செய்ய இயலவில்லை. பாடியவர்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் தோற்றிருந்தார்கள்.

1927-இல் மாயூரத்தில் திருமணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1949-இல்தான் என்பதால், அன்றைய சட்டத்தின்படி அதில் தவறில்லை. ஆனால், சட்டம் அனுமதித்ததை ஊரும் உறவும் அனுமதித்தன என்று பொருளாகாது. இரண்டு சாதிகள், இரண்டு குடும்பங்கள், இரண்டு நாடகக் குழுக்கள், போதாக்குறைக்கு இரண்டு புகழ். பிறந்த ஒரே குழந்தையும் சில நாள்களுக்கு மேல் தங்கவில்லை. கணவர் விலகிப் போனார்; மதுப் பழக்கம் அவர் உடலைத் தின்றது. அந்த நாள்களில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பின்னாளில் நூலில் இடம்பெற்றன. அவற்றில் தெய்வீகக் காதலர்களை நான் காணவில்லை. நம்பிக்கை குலைந்த ஒரு பெண்ணையும், பதில் சொல்லத் தெரியாத ஓர் இளைஞரையுமே காண்கிறேன். குறிஞ்சித் திணைக்குரியது கூடல் என்றும், பாலைக்குரியது பிரிவு என்றும் நம் இலக்கணம் வகுத்தது. மேடையில் இரவுதோறும் குறிஞ்சியைப் பாடியவரின் வீட்டில் பாலை குடியேறியிருந்தது.

பிறகு, அந்த டிசம்பர் 2.

செய்தி கேட்ட நாளிலிருந்து சுந்தராம்பாள் வெள்ளை உடைக்கு மாறினார். நகைகளைக் களைந்தார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நாடக மேடையை விட்டே விலகிக் கொடுமுடியில் ஒதுங்கியிருந்தார். 1980-இல் கண்மூடும் வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள், அந்த வெள்ளை உடை மாறவில்லை.

கதை பெரும்பாலும் இந்த இடத்தில் முடிக்கப்படுகிறது. கணவனை இழந்ததும் உலகைத் துறந்த உத்தமி என்ற சித்திரம் நமக்கு வசதியானது. அந்தச் சித்திரத்துக்குள் அடங்காத செய்திகளைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1933-இல் ஓர் இந்துக் கைம்பெண்ணின் பொருளாதார நிலை என்ன? கூட்டுக் குடும்பச் சொத்தில் அவருக்குச் சீவனாம்சம் தவிரப் பங்கு எதுவும் கிடையாது. வரையறுக்கப்பட்ட ஒரு பங்கையேனும் தந்த சட்டம் 1937-இல்தான் வந்தது. இரண்டாம் மனைவி, அதிலும் நாடகக்காரி என்றால், சீவனாம்சம்கூட வெறும் ஏட்டுச் சொல்தான். அத்துடன் அது உலகப் பெருமந்தக் காலம். விளைபொருள்களின் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்திருந்தது. 1931-இல் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்ட பிறகு தங்கத்தின் விலை ஏற, கடனும் வரியும் கட்ட வழியில்லாத இந்திய உழவர் வீடுகளிலிருந்து நகைகள் வெளியேறிக் கப்பலேறின. கொங்கு நாடும் அதற்கு விலக்கன்று.

அந்தச் சூழலில்தான் நந்தனார் திரைப்படத்துக்கான அழைப்பு வந்தது. மீண்டும் பொதுவாழ்வுக்கு வருமாறு சுந்தராம்பாளை வற்புறுத்தியவர்களில் தீரர் சத்தியமூர்த்தி முக்கியமானவர். தயாரிப்பாளர் அசன்தாஸ் விடாமல் அணுகவே, அவரைத் தட்டிக் கழிப்பதற்காக ஒரு லட்சம் ரூபாய் என்று சுந்தராம்பாள் சொல்ல, அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார் என்று கூறுவார்கள். தட்டிக் கழிப்பதற்காகச் சொன்ன தொகையா, தன் மதிப்பை அறிந்து சொன்ன தொகையா என்பது எனக்கு எப்போதும் உள்ள ஐயம். தென்னிந்தியத் திரையுலகில் அதுவரை எவரும் பெற்றிராத ஊதியம் அது. ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதிக்கும் பங்கம் வரவில்லை. நந்தனார் வேடத்தையே அவர் ஏற்றார். வேதியராக வந்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1935-இல் வெளிவந்த அந்தப் படத்தின் நடிப்பைக் கல்கி எள்ளி நகையாடினார். பாட்டின் மீது எவராலும் குறை சொல்ல முடியவில்லை.

அடுத்தடுத்த ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1937 தேர்தலில் காங்கிரஸ் மேடைகளில் அவர் குரல் ஒலித்தது. 1940-இல் மணிமேகலையாக நடித்தார். அதுவும் துறவியின் வேடமே. 1950-களில் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் ஒரு சட்டமன்ற அவைக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி சென்றடைந்த தொலைவு அது.

ஔவையார் படத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அந்தப் படம் 1953-ஆம் ஆண்டு சுதந்திர நாளன்று வெளியானது. திருமண ஏற்பாட்டிலிருந்து தப்புவதற்காக, இளம்பெண்ணான ஔவை பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டுப் பெறுகிறார் என்பது நாட்டு வழக்கிலுள்ள கதை, படத்திலும் அதுவே. இளமை நீங்கிய பிறகுதான் ஔவையால் ஊர் ஊராகத் தனியே நடக்க முடிகிறது. மன்னர்களுக்கு அறிவுரை கூற முடிகிறது. நினைத்த இடத்தில் நின்று பாட முடிகிறது. தமிழ்ப் பெண் ஒருத்தி தன் குரலோடு தடையின்றி உலவ வேண்டுமானால் இளமையை அதற்கு விலையாகச் செலுத்த வேண்டும் என்று நம் முன்னோர் தங்களை அறியாமலேயே ஒப்புக்கொண்ட கதை அது. அந்தப் பாத்திரத்தை ஏற்ற சுந்தராம்பாளுக்கு அப்போது 45 வயதுகூட நிறையவில்லை. அவர் தன் முதுமையை 25 வயதிலேயே அணிந்துகொண்டவர். அதனால்தான் அந்த வேடம் அவருக்கு வேடமாகத் தெரியவில்லை.

12 ஆண்டுகளுக்குப் பிறகு, 1965-இல், ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல் வந்தது. மாங்கனி கிடைக்காத கோபத்தில் எல்லாவற்றையும் துறந்து, கோவணமும் தண்டும் தரித்து மலையேறி நிற்கும் பிள்ளையிடம் சமாதானம் பேச வரும் ஔவை அவர்தான். பழனித் தலத்தின் கதையே அந்தக் காட்சி. கே.வி. மகாதேவனின் இசையில் அந்தக் குரல் மலையடிவாரத்து ஆவினன்குடியிலிருந்து உச்சி வரை ஏறுவதுபோல் எழும். ஒருகாலத்தில் மேடையில் முருகனுக்கு வள்ளியாக நின்றவர், இங்கே அதே முருகனுக்குப் பாட்டியாக நிற்கிறார். துறவு வேண்டாம், வீட்டுக்கு வா என்று அவர் அழைக்கிறார். 32 ஆண்டுகளாக வெள்ளை உடையில் இருக்கும் ஒருவர் துறவு வேண்டாமென்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குத் தனி எடை வந்துவிடுகிறது.

1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகளாக நடித்தபோது, தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் பொருளிலமைந்த ஒரு வரியைப் பாட மறுத்து மாற்றச் செய்தார் என்பார்கள். சாண்டோ சின்னப்பா தேவரின் துணைவன் படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 61. இளங்குரல்களையே தேடியலையும் திரையிசையில் இப்படி ஒரு நிகழ்வு மிக அரிது. 1970-இல் பத்மஸ்ரீ. சம்பாதித்த பணத்தைக் கொண்டு கொடுமுடியில் திரையரங்கு ஒன்றைக் கட்டினார். தன் உழைப்பின் வருவாயைத் தானே முதலீடு செய்தவர் என்று பொருளியல் மொழியில் இதைச் சொல்லலாம்.

இனி என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன். பழனிக்கு அருகே ஆயக்குடியில் எங்கள் வீடு. சுற்றிலும் கொய்யாத் தோப்புகள். என் பெரியம்மா 24 வயதில் கணவரை இழந்து அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். நன்றாகப் பாடுவார். பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்ததால் ஆசிரியர் பயிற்சிக்குப் போக விரும்பினார். வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்ன பெயர் சுந்தராம்பாள். அவ்வளவு புகழும் பணமும் உடையவரே வெள்ளை கட்டி அடக்கமாக இருக்கவில்லையா என்று கேட்டார்கள். அந்த வெள்ளை உடையை மட்டுமே அவர்கள் கண்டார்கள். அதை அணிந்தவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதையும், சட்ட மேலவையில் அமர்ந்ததையும் காணவில்லை. பெரியம்மா பயிற்சிக்குப் போகவில்லை. சமையலறையிலும் கொய்யாத் தோப்பிலும் அவருடைய நாள்கள் கழிந்தன. பாடுவதும் நின்றுபோயிற்று.

1980-இல் சுந்தராம்பாள் மறைந்த செய்தி வந்தபோது நான் கல்லூரியில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். விலைக் குறியீட்டெண் என்பதைப் புதிதாகக் கற்றிருந்த உற்சாகத்தில், நந்தனாருக்கு அவர் வாங்கிய ஒரு லட்சத்தின் மதிப்பைப் பெரியம்மாவுக்குக் கணக்கிட்டுக் காட்டினேன். 1935-இல் பத்து கிராம் தங்கம் 30 ரூபாயைச் சற்றே தாண்டியிருந்தது. எனவே அந்தத் தொகைக்கு 30 கிலோவுக்கும் மேலாகத் தங்கம் வாங்கியிருக்கலாம் என்றேன். அவர் வியப்படையவில்லை. அந்தப் பணம் கடைசி வரை அந்த அம்மாவின் கையிலேயே இருந்ததா என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. கேள்வியின் பொருளும் அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் சார்பில் வீட்டில் ஒரு சொல் பேசியிருக்கலாம் என்ற எண்ணம்கூட அன்று எனக்குத் தோன்றவில்லை. அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருக்கவில்லை, காலம் மிச்சமிருந்தது.

பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வாய்ப்புச் செலவு என்ற கோட்பாட்டைக் கற்பித்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் நாம் கைவிடும் மற்றொன்றின் மதிப்பே அது. பாடநூலில் உள்ளபடி நெல்லையும் கரும்பையும் வைத்து விளக்குவேன். வீட்டிலிருந்த எடுத்துக்காட்டை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

சுந்தராம்பாளின் துறவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது அவரே எடுத்த முடிவு. அதன் துயரம் உண்மையானது. ஆனால், அந்த முடிவை எடுத்தவரின் கையில் ஒரு தொழில் இருந்தது, பேரம் பேசும் வலிமை இருந்தது, தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து மூடும் உரிமை இருந்தது. இவை எதுவுமில்லாத பெண்களிடம் அவருடைய வெள்ளை உடையை மட்டும் எடுத்து நீட்டியது நம் சமூகம். ஒருவருடைய விருப்பத்தை மற்றவர்களுக்குக் கட்டளையாக மாற்றினோம். அவர் செலுத்திய விலையையும் நாம் கணக்கில் எழுதவில்லை. வள்ளியாகவே தொடர்ந்து பாடியிருந்தால் அந்தக் குரல் இன்னும் எத்தனை காதல் பாடல்களைத் தமிழுக்குத் தந்திருக்கும்? 25 வயதில் அந்த வாசல் மூடப்பட்டதில், அவருடைய துக்கத்தின் பங்கு எவ்வளவு, நாடகக்காரியை வெள்ளை உடையில் மட்டுமே வணங்கத் தயாராக இருந்த ஊரின் பங்கு எவ்வளவு?

இன்று கைம்பெண்கள் வண்ணச் சேலை உடுத்துகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், மறுமணமும் செய்துகொள்கிறார்கள். எல்லா வீடுகளிலும் என்று சொல்ல என் மனம் துணியவில்லை. சுப நிகழ்ச்சிகளில் முன்வரிசையிலிருந்து தாமாகவே ஒதுங்கி நிற்கும் பெண்களை இப்போதும் பார்க்கிறேன். தாமாக ஒதுங்குவதும் ஒதுக்கப்படுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டை அறிய, அவர்களுடைய கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியம்மா கேட்ட கேள்வி அதுதான் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே விளங்கியது.

இவ்வாண்டு குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நான் நின்ற அரைமணி நேரமும் மேகம் விலகவில்லை. பழனி தெரியவில்லை. கீழே இறங்கும் வழியில் ஒரு தேநீர்க் கடையின் வானொலியில் அந்தப் பழைய குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. மலைமேல் கோபித்து நிற்கும் பிள்ளையை வீட்டுக்கு அழைக்கும் அதே பாட்டு. கடைக்காரப் பெண் அடுப்பைக் கவனித்தபடியே சேர்ந்து பாடினார். சுருதி சற்று விலகியிருந்தது. தேநீருக்கான காசை வாங்கித் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்து பாடினார்.